பெயர்ப் பலகை மட்டும் எஞ்சிய நிலையம்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், குளாஸ்டர்ஷயர் மாவட்டத்தின் எல்லையோரத்தில், காட்ஸ்வோல்ட் குன்றுகளை அடுத்து ஆடில்ஸ்ட்ராப் என்றொரு சிற்றூர் உண்டு. ஈவன்லோட் என்னும் சிறிய ஆறு அதன் அருகே ஓடுகிறது. கல்வீடுகளும், பழமையான தேவாலயமும், மேய்ச்சல் நிலங்களும் கொண்ட அவ்வூரில் பேருந்துக்குக் காத்திருப்போர் ஒதுங்குவதற்கு ஒரு நிழற்குடை இருக்கிறது. அதனுள் நுழைவோர் வியப்படைவர். ஊரின் பெயரைப் பெரிய எழுத்துகளில் தாங்கிய இரயில் நிலையப் பலகை ஒன்று அங்கே மாட்டப்பட்டுள்ளது. உட்காருவதற்கு இடப்பட்டிருக்கும் இருக்கையும் இரயில் நிலையத்து இருக்கையே. அந்த இருக்கையில் பதித்துள்ள தகட்டில் 16 அடிகள் கொண்ட கவிதை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

பலகை உண்டு, இருக்கை உண்டு, கவிதையும் உண்டு. நிலையந்தான் இல்லை. 1966ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அது மூடப்பட்டது. தண்டவாளம் இன்றும் இருக்கிறது. இலண்டனுக்கும் வூஸ்டர் நகருக்கும் இடையே வண்டிகள் இன்றும் அவ்வழியே விரைகின்றன. ஆனால் ஆடில்ஸ்ட்ராப்பில் நிற்பதில்லை.

அரசர்களின் கோட்டை இடிந்தால் அதற்கு வரலாறு எழுதுகிறோம். ஏழை எளியோர் ஏறி இறங்கிய ஒரு நடைமேடை மறைந்தால் அதற்கும் வரலாறு எழுதத்தான் வேண்டும். அந்த எண்ணத்துடனேயே இச்சிறு நிலையத்தின் கதையை இங்கே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

சண்டையில் பிறந்த பாதை

'ஆடில்ஸ்ட்ராப்' என்ற பெயரே பழங்காலத்தின் எச்சமாகும். டேட்டல் என்பவனுக்கு உரிய குடியிருப்பு என்பது அதன் முதற்பொருள். பழைய ஆவணங்களில் அப்பெயர் 'ட' என்னும் ஒலியில் தொடங்குகிறது. நாளடைவில் மக்களின் நாவில் அம்முதல் ஒலி தேய்ந்து மறைந்தது. நெடுங்காலம் ஈவ்ஷாம் மடாலயத்துக்கு உடைமையாயிருந்த அவ்வூர், மடாலயங்கள் கலைக்கப்பட்ட பின்னர் லீ என்னும் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தம் தாய்வழி உறவினரைக் காண இவ்வூருக்கு வந்து தங்கியதுண்டு. அவர் வந்த காலத்தில் குதிரை வண்டியே கதி. அவர் 1817இல் மறைந்து ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் சென்ற பின்னரே இரயில் அவ்வூரை எட்டிப் பார்த்தது.

ஆக்ஸ்ஃபோர்டு, வூஸ்டர், வுல்வர்ஹாம்ப்டன் ஆகிய மூன்று நகரங்களை இணைக்கும் பொருட்டு 1845இல் பாராளுமன்றத்தின் இசைவு பெற்று ஒரு கம்பெனி தோன்றியது. அதன் பொறியாளர் இசம்பார்டு புரூனல். தேம்ஸ் ஆற்றின் அடியில் சுரங்கம் அமைப்பதில் தந்தைக்குத் துணைநின்று, பின்னர் இலண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு இருப்புப் பாதை கண்ட பேராற்றல் வாய்ந்தவர் அவர். ஆயினும் இந்தக் கம்பெனி அவருக்குத் தலைவலியாகவே அமைந்தது. பணமுடை ஒருபுறம். தண்டவாளங்களுக்கு இடையே ஏழடி அகலம் வேண்டுமா, நாலடி எட்டரை அங்குலம் போதுமா என்ற பூசல் மறுபுறம். கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து, 'ஓல்டு வர்ஸ் அண்டு வர்ஸ்', அதாவது 'மேலும் மேலும் மோசமாகும் கிழம்' என்று மக்கள் எள்ளி நகையாடினர்.

1851 ஜூலையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று கதையைப் போன்றது. ஆடில்ஸ்ட்ராப்புக்கு வடமேற்கே, இதே பாதையில், மிக்கில்டன் என்னும் ஊரருகே குன்றைக் குடைந்து சுரங்கம் அமைத்துக்கொண்டிருந்தனர். சேரவேண்டிய பணத்தைப் பற்றித் தகராறு எழவே, ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்திவிட்டு இடத்தை விட்டுப் போக மறுத்தார். புரூனல் பல இடங்களிலிருந்தும் தொழிலாளர்களை ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அளவில் திரட்டி வந்து எதிரே நிறுத்தினார். மண்வெட்டியும் கடப்பாரையும் ஆயுதங்களாயின. மாஜிஸ்திரேட்டுகள் வந்து கலகச் சட்டத்தைப் படித்தும் பயனில்லை. எலும்பு முறிந்தோர் பலர். இறுதியில் ஒப்பந்தக்காரர் பணிந்தார்; வழக்கு மத்தியஸ்தத்துக்குச் சென்றது. பிரிட்டனில் தனியார் படைகள் இரண்டு நேருக்கு நேர் மோதிய கடைசிச் சண்டை இதுவே என்று கூறுவர்.

மறு ஆண்டே புரூனல் அக்கம்பெனியிலிருந்து விலகிக்கொண்டார். எனினும் பாதை முடிந்தது. 1853 ஜூன் 4ஆம் நாள் இப்பகுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஆடில்ஸ்ட்ராப் நிலையமும் அன்று பிறந்தது. 1863இல் இப்பாதை முழுவதும் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்டது.

'ரோடு' என்ற ஒட்டுப் பெயர்

நிலையம் திறக்கப்பட்டபோது அதன் பெயர் 'ஆடில்ஸ்ட்ராப் அண்டு ஸ்டோ ரோடு' என்பதாகும். ஸ்டோ என்பது சில மைல் தொலைவில் குன்றின் மேல் அமைந்த சந்தை நகர். 'இங்கே இறங்கினால் ஸ்டோவுக்குப் போகும் சாலை கிடைக்கும்; ஊர் கிடைக்காது' என்பதே 'ரோடு' என்ற சொல்லின் உட்பொருள்.

இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்குவோர் மலையேற வேறு வண்டி தேட வேண்டியதை நாம் அறிவோம். ஆடில்ஸ்ட்ராப் நிலையம் பிறந்த மூன்றாம் ஆண்டில், 1856 ஜூலை முதல் நாளில், சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னகத்தின் முதல் இரயில் பாதை சென்று முடிந்த இடமும் 'வாலாஜா ரோடு' என்பதேயாகும். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர் அப்பால் இருக்க, நிலையம் இப்பால் நின்றது. இங்கிலாந்தில் பழகிய கைகளே இங்கும் பாதை போட்டன. பெயரிடும் பழக்கமும் அவர்களோடு கப்பலேறி வந்தது.

1862இல் ஸ்டோ நகருக்கு அருகே கிளைப்பாதை ஒன்று சென்று, அதற்கெனத் தனி நிலையம் அமைந்தது. அதன்பின் 'ஸ்டோ ரோடு' என்ற வால் அறுந்து, நம் நிலையம் ஊர்ப்பெயர் ஒன்றையே தாங்கி நின்றது.

சிற்றூருக்கு நிலையம் தந்தவை

இவ்வளவு சிறிய ஊருக்கு இரயில் நிலையம் எதற்கு என்று கேட்கலாம். அந்நாளைய கிராம வாழ்வை எண்ணிப் பார்ப்போர்க்கு விடை எளிதில் கிட்டும்.

முதலாவது, நேரம். இரயில் வருமுன் ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைக் கொண்டு தன் மணியை வகுத்துக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டு நகரின் மணி இலண்டன் மணிக்கு ஐந்து நிமிடம் பிந்தியது. அட்டவணைப்படி வண்டி ஓட வேண்டுமானால் இந்த வேறுபாடு ஆகாது. எனவே இரயில்வேக்கள் இலண்டன் நேரத்தை நாடெங்கும் பரப்பின. 1880இல் அதுவே சட்டமாயிற்று. நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்து ஊரார் தத்தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர்.

இரண்டாவது, ஏழையின் பயணம். தொடக்க காலத்தில் மூன்றாம் வகுப்பினர் கூரையில்லாப் பெட்டிகளில் மழையிலும் கரிப்புகையிலும் நனைந்து கருகினர். 1844இல் கிளாட்ஸ்டன் வர்த்தக வாரியத் தலைவராயிருந்தபோது நிறைவேறிய சட்டம் இதனை மாற்றியது. ஒவ்வொரு பாதையிலும் நாள்தோறும் ஒரு வண்டியேனும் எல்லா நிலையங்களிலும் நின்று செல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரையும் இருக்கையும் வேண்டும். மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கலாகாது என்று அச்சட்டம் விதித்தது. பிறந்த ஊரின் எல்லையைத் தாண்டியறியாத உழவர் குடிமக்களுக்கு உலகின் வாயில் திறந்தது அந்தப் பென்னியால்தான்.

மூன்றாவது, சரக்கு. நிலக்கரி வந்தது, உரம் வந்தது, நாளிதழ் அன்றே வந்தது. கால்நடைகளும் காய்கறிகளும் நகரச் சந்தைக்குச் சென்றன. 1865இல் மாட்டுக் கொள்ளைநோய் பரவி இலண்டன் நகர்த் தொழுவங்கள் பாழானபோது, தலைநகரின் பாலுக்கு நாட்டுப்புறமே பொறுப்பேற்றது. விடியுமுன் பால் கேன்கள் உருளும் ஓசை பல கிராம நிலையங்களின் அன்றாட இசையாயிற்று.

இவற்றோடு நிலைய அதிபர் என்னும் புதிய மனிதரும் ஊருக்கு வந்தார். பாதிரியார், பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு அடுத்தபடி மதிக்கத்தக்கவர் அவரே. தந்தி அவர் கையில். கைகாட்டி அவர் பொறுப்பில். நடைமேடையோரத்தில் பூச்செடி வளர்த்து, சிறந்த தோட்டத்துக்கான பரிசைப் பெற நிலையங்கள் தமக்குள் போட்டியிட்டதும் உண்டு.

போர்க்காலங்களில் இத்தகைய சிறு நிலையங்கள் கண்ணீரையும் சுமந்தன. 1914இல் கிராமத்து இளைஞர்கள் சீருடை அணிந்து ஏறியது இத்தகைய மேடைகளிலேதான். 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து அனுப்பப்பட்ட ஏறத்தாழ பதினைந்து இலட்சம் பேரில் பெரும்பகுதியினர் பிள்ளைகள். கழுத்தில் பெயர்ச்சீட்டுத் தொங்க, அறியாத ஊர்களின் நிலையங்களில் அவர்கள் இறங்கி நின்றனர்.

ஒரு நண்பகல்

1914 ஜூன் 24ஆம் நாள். வெயில் மிகுந்த கோடை நண்பகல். இலண்டனிலிருந்து வந்த வண்டி ஒன்று ஆடில்ஸ்ட்ராப்பில் நின்றது. அதில் எட்வர்டு தாமஸ் என்னும் எழுத்தாளர் தம் மனைவி ஹெலனுடன் பயணம் செய்துகொண்டிருந்தார். தம் நண்பரான அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் ஃப்ராஸ்டைக் காணச் சென்றுகொண்டிருந்தார் அவர். தாமஸுக்கு அப்போது வயது 36. வயிற்றுப்பாட்டுக்காக மதிப்புரைகளும் நாட்டுப்புற நூல்களும் ஓயாமல் எழுதிக் களைத்தவர்; அதுவரை கவிஞராகத் தம்மைக் கருதாதவர். வண்டி நின்ற சில கணங்களில் தாம் கண்டதையும் கேட்டதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: ஆளரவமற்ற மேடை, எஞ்சினின் சீறல், பறவைகளின் பாட்டு. அவ்வளவே. வண்டி புறப்பட்டது.

நான்கு நாள் கழித்து, சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. அந்த ஆண்டின் இறுதியில், ஃப்ராஸ்டின் தூண்டுதலால் தாமஸ் கவிதை எழுதத் தொடங்கினார். 1915 ஜனவரியில் அந்தப் பழைய குறிப்பிலிருந்து பிறந்ததே 'ஆடில்ஸ்ட்ராப்' என்ற கவிதை. போரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனினும் மீண்டும் வாராத ஓர் அமைதியின் கடைசி நண்பகலாகவே ஆங்கிலேய மக்கள் அதனைப் படித்து வருகின்றனர்.

மனைவியும் மூன்று குழந்தைகளும் உடைய அவர், கட்டாயம் ஏதுமின்றித் தாமாகவே 1915 ஜூலையில் படையில் சேர்ந்தார். 1917 ஏப்ரல் 9ஆம் நாள், பிரான்சில் அராஸ் போர்க்களத்தில் மாண்டார். சுமார் இரண்டே ஆண்டுகளில் எழுதிய 140க்கு மேற்பட்ட கவிதைகளே அவரை ஆங்கில இலக்கியத்தில் நிலைநிறுத்தின. 'ஆடில்ஸ்ட்ராப்' இதழில் அச்சேறியதைக் காண அவர் உயிரோடில்லை.

கணக்கேடு வந்தது

1948 ஜனவரி முதல் நாள் பிரிட்டனின் இரயில்வேக்கள் நாட்டுடைமையாயின. போரில் தேய்ந்த பாதைகள், பழைய எஞ்சின்கள், பெருகிவரும் மோட்டார் வாகனங்கள். சிறிது காலத்தில் வரவைச் செலவு விஞ்சியது. 1962இல் நட்டம் பத்துக் கோடிப் பவுனைத் தாண்டிற்று. 1959இல் முதல் நெடுந்தொலைவு விரைவுச்சாலையைத் திறந்துவைத்த போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ், இரயில்வேயைச் சீர்திருத்த 1961இல் டாக்டர் ரிச்சர்டு பீச்சிங் என்பவரை அழைத்து வந்தார். பௌதிக அறிஞரான அவர், இரசாயனத் தொழில் நிறுவனமொன்றின் இயக்குநர். அவருக்கு அளித்த ஆண்டு ஊதியம் 24,000 பவுன். அது பிரதமரின் ஊதியத்தினும் மிகுதி.

1961 ஏப்ரல் 23இல் முடிந்த ஒரு வாரத்தில் நாடெங்கும் போக்குவரத்தைக் கணக்கெடுத்தனர். அதன் அடிப்படையில் 1963 மார்ச் 27இல் அறிக்கை வெளிவந்தது. நிலையங்களில் சரிபாதி, மொத்த வருவாயில் நூற்றுக்கு இரண்டு பங்கையே ஈட்டுகின்றன. எனவே 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடிவிடலாம் என்று அது கூறியது.

நேர்மையாகச் சொல்வதானால், பீச்சிங் தரப்பிலும் நியாயம் உண்டு. மூடுவிழாவைத் தொடங்கியவர் அவரல்லர்; அவர் அறிக்கை வெளிவருவதற்கு முன்பே ஏறத்தாழ 3,300 மைல் பாதை மூடப்பட்டிருந்தது. சரக்குப் பெட்டகங்களைச் சுமக்கும் விரைவு வண்டிகள், பெருநகரங்களிடையே வேகப் போக்குவரத்து முதலிய நல்ல யோசனைகளும் அவ்வறிக்கையில் இருந்தன. நாளெல்லாம் விளக்கெரித்து, ஆளமர்த்தி, நாலு பயணச்சீட்டு விற்கும் நிலையங்கள் உண்மையிலேயே இருந்தன. ஊரிலிருந்து சற்றுத் தள்ளிக் கிடந்த ஆடில்ஸ்ட்ராப்பின் மேடையிலும் கூட்டம் நெருக்கித் தள்ளியதாக யாரும் சொல்ல முடியாது.

ஆயினும் அக்கணக்கில் ஓட்டைகள் இருந்தன. ஏப்ரல் மாதத்து ஒரு வாரம், கோடை விடுமுறைக் கூட்டத்தைக் காட்டாது. கிளை தரும் பயணியே நடுமரத்தில் நெடுந்தூரம் செல்பவன் என்பதை அது போதிய அளவு எண்ணவில்லை. அருகிலுள்ள பெரிய நிலையத்துக்கு மோட்டாரில் வந்து மக்கள் இரயிலேறுவர் என்று எதிர்பார்த்தனர். மோட்டாரில் ஏறியவர்களோ முழுத் தொலைவையும் அதிலேயே கடந்தனர். மோட்டார் இல்லாத முதியோர், ஏழையர், பிள்ளைகள் ஆகியோரின் இழப்பை எந்தப் பத்தியில் எழுதுவதென்று கணக்கேட்டுக்குத் தெரியவில்லை.

1964இல் மூடுதலை நிறுத்துவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியும் மூடுவதைத் தொடர்ந்தது. அந்த அலையில் 1966 ஜனவரி 3ஆம் நாள் ஆடில்ஸ்ட்ராப் மறைந்தது. அதே பாதையில் பிளாக்லி, சிப்பிங் காம்ப்டன் ஆகியவையும் அதே நாளில் மறைந்தன. இத்தனைக்குப் பின்னும் நட்டம் தீர்ந்தபாடில்லை. சமுதாயத்துக்கு இன்றியமையாத பாதைகளுக்கு அரசு மானியம் தரலாம் என்று 1968இல் சட்டம் வந்தது. ஆடில்ஸ்ட்ராப்பைப் பொறுத்தவரை அது காலங்கடந்த மருந்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செலவைக் குறைக்க 1971இல் இப்பாதையின் நெடும்பகுதிகளில் இரட்டைத் தண்டவாளத்தில் ஒன்றைப் பிடுங்கினர். 2011இல் ஏறத்தாழ இருபது மைலுக்கு அதனை மீண்டும் பெருஞ்செலவில் பதித்தனர். இதே பாதையில் 1969இல் மூடிய ஹனிபோர்ன் நிலையத்தை 1981இல் மறுபடியும் திறந்தனர். இடிப்பது ஒருநாள் வேலை. இடித்ததன் விலை பிந்தித்தான் தெரிகிறது.

ஒரே மேடை, இரு பார்வை

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்றுண்டு. கவிஞர் பார்த்ததும் ஆளில்லாத மேடை. கணக்கர் பார்த்ததும் ஆளில்லாத மேடை. ஒருவர் அந்த வெறுமையில் பறவைகளின் பாட்டைக் கேட்டார். மற்றவர் அதில் நட்டத்தைக் கண்டார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்கரின் சொல்லுக்குச் சட்டத்தின் வலிமை இருந்தது, நிலையம் போயிற்று. கவிஞரின் சொல்லுக்கு எந்த வலிமையும் இல்லை. ஆயினும் பெயர் நிலைத்தது. அன்று மூடப்பட்ட ஆயிரக்கணக்கான நிலையங்களில் எத்தனையின் பெயரை இன்று உலகம் அறியும்? பால் கேன் உருட்டியவர்களும், படைக்குச் சென்றவர்களும், பெயர்ச்சீட்டோடு இறங்கிய பிள்ளைகளும் அவற்றிலும் இருந்தனர். அவற்றுக்கு வாய்க்காதது ஒரு கவிஞர் மட்டுமே.

2014 ஜூன் 24ஆம் நாள், கவிஞரின் வண்டி நின்று சரியாக நூறாண்டு நிறைந்தது. அதனை நினைவுகூர்வதற்கென்றே விட்ட தனி வண்டி ஒன்று, மேடையற்ற அந்த இடத்தில் சிறிது நேரம் நின்றது. இறங்குவதற்கு நிலையம் இல்லை. ஆயினும் நிற்பதற்குக் காரணம் இருந்தது.

நம் ஊர்களிலும் சிறு நிலையங்கள் உண்டு. நாலு பேர் ஏறும் பேருந்துகள் உண்டு. பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளும், எவரோ ஒருவர் நாள்தோறும் வந்து படிக்கும் நூலகங்களும் உண்டு. இவற்றால் என்ன இலாபம் என்ற கேள்வி என்றேனும் எழும்போது, கணக்கேட்டை நாம் விரித்துப் பார்க்கத்தான் வேண்டும், ஒதுக்கிவிடலாகாது. ஆனால் அதனை மூடிவைக்குமுன், அதில் எழுதப்படாமற்போன பத்தி ஒன்று உண்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம். ஒரு சிற்றூரின் பேருந்து நிழற்குடையில் தொங்கும் பெயர்ப் பலகை அதைத்தான் நம்மிடம் கேட்கிறது.